நூலக கம்ப்யூட்டரில் ‘இந்தப் பக்கத்துக்கு அனுமதி இல்லை’: இணைய வடிகட்டி யாரைத் தடுக்கிறது? முழு விளக்கம்

ஒரு உதாரணத்துக்கு வச்சுக்குவோம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். பிளஸ் 2 படிக்கும் ஒரு பையன் அங்கிருந்து பஸ் ஏறி பாளையங்கோட்டையில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்துக்கு வருகிறான். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பா கையில். அதில் எதைத் தேடினாலும் ஹிஸ்டரியில் நிற்கும். அதனால் நூலக கம்ப்யூட்டர்தான் அவனுக்குப் பாதுகாப்பு.

அவன் தேட வந்த கேள்வி ஒன்றுதான். ‘பசங்க மேல எனக்கு ஏன் ஈர்ப்பு வருது? இது நோயா?’

டைப் செய்கிறான். ஒரு பக்கத்தை அழுத்துகிறான். திரையில் ஒரே ஒரு வரி: இந்தப் பக்கத்துக்கு அனுமதி இல்லை.

இந்தக் காட்சி கற்பனை. ஆனால் இதே மாதிரியான பிரச்சினை அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் ஒன்று இந்தியாவின் இணையச் சேவை நிறுவனங்களிலும் பொருத்தப்பட்டிருந்தது. இணைய வடிகட்டி எப்படி வேலை செய்கிறது, தன்பாலின ஈர்ப்புள்ள, திருநர், பால்புதுமை இளைஞர்களை அது ஏன் அதிகம் பாதிக்கிறது, தாமிரபரணிக் கரை ஊர்களில் இதற்கு என்ன அர்த்தம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இணைய வடிகட்டி என்றால் என்ன?

வீட்டில் டீ வடிகட்டுகிறோம் இல்லையா, அதே வேலைதான். கம்ப்யூட்டருக்கும் இணையத்துக்கும் நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அது பார்க்கும். ‘இது போகலாம், இது போகக் கூடாது’ என்று முடிவு செய்யும். பள்ளி, கல்லூரி, அலுவலகம், ஹாஸ்டல், நூலகம் எனப் பலர் ஒரே இணைப்பைப் பயன்படுத்தும் இடங்களில் இதை வைப்பது வழக்கம்.

இது மூன்று வழிகளில் வேலை செய்கிறது.

முதல் வழி, சொல்லை வைத்துத் தடுப்பது. பட்டியலில் இருக்கும் ஒரு சொல் பக்கத்தில் வந்தால் பக்கமே திறக்காது. 

இரண்டாவது வழி, தளத்தின் முகவரியை வைத்துத் தடுப்பது. இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் பூட்டப்பட்ட இணைப்பில்தான் வருகின்றன. அதனால் வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் தெரியும், எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரியாது. ஒரு பக்கத்தில் தவறு இருந்தாலும் மொத்தத் தளத்தையும் மூட வேண்டியதுதான்.

மூன்றாவது வழிதான் இப்போது அதிகம் விற்பது. வடிகட்டி நிறுவனம் லட்சக்கணக்கான தளங்களை வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கும். செய்தி, விளையாட்டு, சூதாட்டம், ஆபாசம், மதம், பாலியல் என்று போகும் அந்தப் பட்டியல். வாங்குபவர் செய்ய வேண்டியது, வேண்டாத வகைக்கு நேரே ஒரு டிக் அடிப்பது மட்டும்தான்.

சிக்கல் தொடங்குவது இந்த டிக்கில்தான். எந்தத் தளம் எந்த வகையில் வரும் என்று முடிவு செய்தவர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார். டிக் அடித்தவருக்கு அந்த வகைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரியாது. தடுக்கப்பட்ட வாசகருக்கு ஏன் தடுக்கப்பட்டோம் என்றே தெரியாது.

‘பால்’ என்றால் என்ன? தமிழில் வரும் சிக்கல்

சொல்லை வைத்துத் தடுப்பதில் உலகப் புகழ்பெற்ற ஒரு சொதப்பல் இருக்கிறது. 1996-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்களால் ஏஓஎல் நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியவில்லை. காரணம், அந்த ஊர்ப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்தது. ஊரே ஆபாசம் என்று மென்பொருள் முடிவு கட்டிவிட்டது. இன்றும் இந்த வகைப் பிழைக்கு அந்த ஊர்ப் பெயர்தான்.

இதைத் தமிழில் யோசித்துப் பாருங்கள். ‘பால்’ என்றால் குடிக்கும் பால். இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால். திருக்குறளில் அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால். ‘காமம்’ என்ற சொல்லைப் பட்டியலில் போட்டால் திருக்குறளின் மூன்றாம் பகுதியே மாட்டிக்கொள்ளும். ‘பாலியல்’ என்று போட்டால் குழந்தைகளைப் பாலியல் துன்புறுத்தலில் இருந்து காப்பது எப்படி என்று சொல்லும் அரசு அறிவிப்பும் சேர்ந்தே போய்விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிறிய தமிழ்த் தளங்களை வெளிநாட்டு நிறுவனங்கள் வகைப்படுத்தாமலே விட்டிருக்கலாம். ‘வகைப்படுத்தாத தளங்களையும் தடு’ என்ற வசதி பல வடிகட்டிகளில் உண்டு. அதை அழுத்தினால், ஆங்கிலத்தில் எழுதும் பெரிய தளம் திறக்கும். தமிழில் எழுதும் சின்னத் தளம் திறக்காது. ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைக்குத்தான் அதில் நஷ்டம்.

ஒரு பக்கத்துக்காக மொத்தத் தளமும் மூடப்படுவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2012-ல் தனுஷ் நடித்த ‘3’ உள்ளிட்ட படங்கள் திருட்டுத்தனமாக இணையத்தில் வராமல் தடுக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். அதை வைத்து இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே மொத்தமாக முடக்கின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு விளக்கம் தர வேண்டியதாயிற்று. படத்துக்கே இப்படி என்றால், பேசவே தயங்கும் ஒரு விஷயத்துக்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள்?

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இணையதளங்களை அரசு முடக்குவதற்கான அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. ‘ஒழுக்கம்’ என்ற காரணம் அதில் இல்லை. 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவை மட்டும் செல்லும் என்று விட்டுவைத்தது. தடை உத்தரவுக்கு எழுத்துப்பூர்வமான காரணம் இருக்க வேண்டும் என்பதும் அதற்கான முக்கியமான நியாயம்.

பிரவுசிங் சென்டர்களுக்குத் தனி விதி உண்டு. 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருபவரிடம் அடையாள அட்டை வாங்க வேண்டும். பெயர், முகவரியைப் பதிவேட்டில் எழுதி ஓராண்டு வைத்திருக்க வேண்டும். பார்த்த தளங்களின் விவரமும் ஓராண்டு இருக்க வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. ஆபாசத் தளங்களைத் தடுக்கும் மென்பொருள் வைக்கலாம் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன.

இவை காசுக்கு இணையம் தரும் கடைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் ‘பொது இடத்து கம்ப்யூட்டர் என்றால் பெயர் எழுது, திரை எல்லாருக்கும் தெரியட்டும், மென்பொருள் போடு’ என்ற பழக்கம் கடையோடு நிற்பதில்லை. இணைய வசதி தரும் எந்த நிறுவனத்துக்கும் அதுதான் பாதுகாப்பான வழியாகத் தோன்றும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். தன்பாலின ஈர்ப்பு பற்றியோ திருநர் உரிமை பற்றியோ தகவல் தரும் பக்கத்தைப் படிப்பது இந்தியாவில் குற்றம் இல்லை. 2014 ஏப்ரல் 15-ல் நால்சா வழக்கில் திருநரின் பாலின அடையாளத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2018 செப்டம்பர் 6-ல் வயது வந்தவர்கள் மனமொத்து வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவு குற்றம் இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டம் திறந்துவிட்ட கதவை மென்பொருளின் ஒரு டிக் மூடிவிட முடியும் என்பதுதான் இங்கே பிரச்சினை.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

நூலக வடிகட்டி பற்றிய சண்டை அதிகம் நடந்த நாடு அமெரிக்கா. 2000 டிசம்பரில் அங்கே குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இணைய வசதிக்கு மத்திய அரசின் சலுகையோ நிதியோ வாங்கும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும். சட்டம் தடுக்கச் சொன்னது ஆபாசப் ‘படங்களை’. ஆனால் கடையில் விற்ற மென்பொருள்கள் எழுத்தையும் சேர்த்தே தடுத்தன.

அமெரிக்க நூலகச் சங்கம் வழக்குப் போட்டது. 2003 ஜூன் 23-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. வயது வந்த வாசகர் நூலகரிடம் கேட்டால் வடிகட்டியை எடுத்துவிடுவார்கள், அதனால் பெரிய பாதிப்பு இல்லை என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். கேட்பதற்குச் சங்கடமாக இருக்குமே என்ற வாதத்துக்கு, சங்கடமே இல்லாமல் நூலகத்தில் தகவல் பெறும் உறுதியை அரசமைப்புச் சட்டம் தரவில்லை என்று தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதினார்.

அடுத்த திருப்பம் 2011-ல். மிசௌரி மாநிலத்தில் கேம்டன்டன் என்ற சின்ன ஊர். அங்குள்ள பள்ளி நிர்வாகம் வைத்திருந்த வடிகட்டியில் ‘பாலியல்பு’ என்ற பொருளில் ஒரு வகை இருந்தது. எல்ஜிபிடிக்யூ பிள்ளைகளுக்கு ஆதரவாகப் பேசும் தளங்கள் அதில் சேர்க்கப்பட்டுத் தடுக்கப்பட்டன. தற்கொலை வேண்டாம், பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லும் தளங்களுக்கும் அதே கதி. ஆனால் இந்த ஈர்ப்பு தவறு, மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் தளங்கள் ‘மதம்’ என்ற வகையில் இருந்ததால் தாராளமாகத் திறந்தன.

பெற்றோர் அமைப்பான பிஃப்லாக் உள்ளிட்டவை, ஏசிஎல்யூ என்ற சட்ட உரிமை அமைப்பின் துணையோடு வழக்குத் தொடர்ந்தன. 2012 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் பள்ளிக்கு இடைக்காலத் தடை போட்டது. ஒரு தரப்புக் கருத்தை மட்டும் அனுமதித்து மறு தரப்பைத் தடுப்பது பாகுபாடு என்பது அதன் சாரம். ‘வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே’ என்ற பள்ளியின் பதில் எடுபடவில்லை. அடுத்த மாதமே பள்ளி நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. தடையை நீக்கவும், 18 மாதங்கள் கண்காணிப்பை ஏற்கவும், வழக்குச் செலவாக 1,25,000 டாலர் தரவும் ஒப்புக்கொண்டது.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கனடாவைச் சேர்ந்த நெட்ஸ்வீப்பர் என்ற வடிகட்டி நிறுவனத்தைப் பற்றி டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2018 ஏப்ரலில் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. இந்த மென்பொருள் பொருத்தப்பட்டிருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இங்கே இணையச் சேவை நிறுவனங்களின் வலையமைப்பில் அது கண்டறியப்பட்டது.

அந்த மென்பொருளில் ‘மாற்று வாழ்க்கை முறைகள்’ என்ற பெயரில் ஒரு வகையே தனியாக இருந்தது. ஆபாசத்துக்கு வேறு வகை இருந்தது. அதாவது, ஆபாசமே இல்லாத, தன்பாலின ஈர்ப்பு பற்றிப் பேசுகிறது என்பதற்காக மட்டும் ஒரு தளத்தைத் தடுக்க வசதி செய்து கொடுத்திருந்தார்கள். நம்ம ஊர்க்காரர்கள் பலர் வேலை பார்க்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் அப்படித் தடுக்கப்படுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மனித உரிமை அமைப்புகள் கேள்வி கேட்ட பிறகு, 2018 டிசம்பரில் அந்த வகையை நிறுவனம் நீக்கியது.

வடிகட்டியே இல்லாமலும் தகவல் காணாமல் போகும் என்பதற்கு டெல்லியில் நடந்தது உதாரணம். திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி நடத்த வேண்டும் என்று ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி ஒரு கையேடு தயாரித்துத் தன் தளத்தில் போட்டது. தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் ஆட்சேபம் தெரிவித்ததும், 2021 நவம்பரில் அது தளத்தில் இருந்து எடுக்கப்பட்டது. அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த எல்ஜிபிடிக்யூ உரிமை வழக்கு விசாரணையில் நீதிபதியே இதற்கு அதிருப்தி தெரிவித்தார்.

‘கேட்டால் திறந்துவிடுவார்களே, அப்புறம் என்ன?’

பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதில்தான் இந்த மொத்த விஷயத்தின் மையம்.

கிரிக்கெட் தளம் திறக்கவில்லை என்றால் யாரும் கவுன்டரில் போய்க் கேட்பார்கள். மார்பகப் புற்றுநோய் பற்றிய பக்கம் திறக்கவில்லை என்றால் கொஞ்சம் தயங்கிக் கேட்பார்கள். ‘தன்பாலின ஈர்ப்பு பற்றிய பக்கம் திறக்கல சார்’ என்று ஒரு 17 வயசுப் பிள்ளை கேட்குமா?

கேட்ட அந்த நொடியே அது தகவல் கேட்பதாக இருக்காது. தன்னைப் பற்றிச் சொல்வதாக ஆகிவிடும். இன்னும் தனக்கே தெளிவாகாத ஒன்றை, முன்பின் தெரியாத ஒருவரிடம், நாலு பேர் இருக்கும் கூடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்.

சென்னை போன்ற நகரத்தில் நூலகருக்கு வாசகரைத் தெரியாது. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊர்களில் அப்படியா? ‘எந்தத் தெரு? யாரு மவன் நீ?’ என்பதுதான் இந்தப் பக்கத்தில் முதல் கேள்வி. அது அன்பான கேள்விதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், அந்த அன்பே பயம். நூலகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ராத்திரிக்குள் விஷயம் வீட்டுக்குப் போய்விடுமோ என்ற கவலை பிள்ளைக்கு இருக்கும்.

அமெரிக்க நீதிபதிகள் ‘சங்கடம்’ என்று சொன்னது இங்கே சங்கடத்தோடு நிற்காது. படிப்பை நிறுத்துவது, அடிப்பது, அவசரக் கல்யாணம், ‘குணப்படுத்துகிறேன்’ என்பவரிடம் கூட்டிப் போவது வரை போகலாம்.

அதனால்தான் வடிகட்டி எல்லாரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. தடையை நீக்கக் கேட்கும் தைரியம் உள்ளவருக்கு அது ஒரு தொந்தரவு. கேட்கவே முடியாதவருக்கு அது சுவர். யாரும் புகார் கொடுக்காததால், பிரச்சினையே இல்லை என்று நிர்வாகம் நினைத்துக்கொள்ளும்.

தகவல் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் ஒரே வரிதான்: இல்லை, இது நோய் இல்லை. உலக சுகாதார அமைப்பு 1990-லேயே தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல் இதையே சொன்னது. ‘மாற்றுகிறோம்’ என்று சொல்லிச் செய்யும் சிகிச்சை மருத்துவத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்குத் தெரிவித்தது.

இது தெரியாத பிள்ளை அடுத்து எங்கே போகும்? கிண்டல் வீடியோவுக்கு, நண்பர்கள் அனுப்பும் ஆபாசத்துக்கு, முகம் தெரியாத சாட்டிங்குக்கு. பாதுகாப்புக்காக வைத்த வடிகட்டி, பாதுகாப்பான பக்கத்தை மூடி, பாதுகாப்பில்லாத இடத்துக்கு அனுப்பிவிடுகிறது.

தகவல் ஒருவரை எப்படி மாற்றும் என்பதற்கு ஒரு நீதிபதியே சாட்சி. 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், சேர்ந்து வாழ விரும்பி, வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு வந்தார்கள். காவல்துறையின் தொந்தரவில் இருந்து பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் முன்முடிவுகள் இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு உளவியலாளரிடம் தானே அமர்ந்து கற்றுக்கொண்டார். பிறகு 2021 ஜூன் 7-ல் அளித்த உத்தரவில், பாலின ஈர்ப்பை ‘மாற்றும்’ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். காவல்துறை, மருத்துவத் துறை, பள்ளி, கல்லூரி, பெற்றோர் ஆசிரியர் கழகம் வரை விழிப்புணர்வு தேவை என்றார்.

படித்த, அனுபவம் உள்ள ஒரு நீதிபதிக்கே கற்றுக்கொள்ளத் தகவல் தேவைப்பட்டது. அந்தத் தகவலைத் தேடி வரும் பிள்ளைக்கு மட்டும் ஏன் கூடாது?

அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான், இவர்களை மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. சொல் முக்கியம். மரியாதையான சொல் தெரிந்தால்தான் மரியாதையான பக்கம் தேடலில் வரும். வசைச்சொல் மட்டுமே தெரிந்த பிள்ளை அதைத்தான் டைப் செய்யும். அதற்கு வருவதும் பெரும்பாலும் வசைதான்.

நெல்லைப் பக்கத்துக் கதைகள் இரண்டு

தாமிரபரணி பொதிகையில் தொடங்கி, நெல்லை வழியாக ஓடி, தூத்துக்குடி மாவட்டத்தில் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. அந்தத் தூத்துக்குடியில் 2018 அக்டோபரில் ஒரு ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் கோயிலில் திருமணம் நடந்தது. பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இந்தியா முழுக்கப் பேசப்பட்ட தீர்ப்பு அது. நம்ம பக்கத்து ஊரில் பிறந்த ஒரு உரிமை. அதைப் பற்றிப் படிக்க வரும் நெல்லை மாணவிக்கு ‘பாலியல்’ வகை என்று பக்கம் மூடிக்கொண்டால் எப்படி இருக்கும்?

இரண்டாவது, ஒரு நாவல். இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள திப்பணம்பட்டியில் பிறந்தவர் எழுத்தாளர் சு.சமுத்திரம். ‘வேரில் பழுத்த பலா’வுக்காக 1990-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றவர். அவர் 1990-களில் எழுதிய ‘வாடா மல்லி’, திருநங்கையாக மாறும் சுயம்பு என்ற இளைஞனின் கதை. அதில் வரும் சில சொற்களை இன்று யாரும் பயன்படுத்த விரும்ப மாட்டார்கள். ஆனாலும் தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பறைக்கு இந்த விஷயத்தைக் கொண்டுவந்த நாவல் அது. பிறகு லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’, ஏ.ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ என அவரவர் குரலிலேயே புத்தகங்கள் வந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. புத்தகத்தை அலமாரியில் இருந்து எடுத்து, மூலையில் உட்கார்ந்து படித்து, திரும்ப வைத்துவிட்டுப் போகலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பெயர் எழுத வேண்டாம். நூலகத்தின் பழைய பகுதி தரும் இந்தச் சுதந்திரத்தை, புதிய பகுதியான கம்ப்யூட்டர் பறித்துவிடக் கூடாது.

நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது. வாசகர் யார், ஏன் கேட்கிறார் என்ற விசாரணை அந்த விதியில் இல்லை.

பெற்றோரின் கவலை நியாயமா?

நியாயம்தான். பத்து வயசுப் பிள்ளை உட்காரும் கம்ப்யூட்டரில் ஆபாசப் படம் திறக்கக் கூடாது. வைரஸ், சூதாட்டம், மோசடித் தளங்களைத் தடுக்கவும் வடிகட்டி உதவுகிறது. வடிகட்டியே வேண்டாம் என்பது இங்கே பேச்சு இல்லை.

ஆபாசம் வேறு, அடையாளம் வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுவதுதான் தவறு. கேம்டன்டன் வழக்கு காட்டியது இதைத்தான்: ஆபாசத்தைத் தடுத்துக்கொண்டே உதவித் தளங்களைத் திறந்து வைக்கும் வடிகட்டிகள் சந்தையில் இருக்கின்றன.

இந்தியாவிலும் இந்தத் திசையில் ஒரு தீர்ப்பு உண்டு. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் ஹாஸ்டலில் செல்போனுக்குக் கட்டுப்பாடு போட்டதை எதிர்த்து ஒரு மாணவி வழக்குத் தொடர்ந்தார். இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பர் 19-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஒழுங்கு வேண்டும் என்பதற்காக உரிமையை மொத்தமாக மூட முடியாது என்பதே அதன் பொருள்.

நூலகங்கள் என்ன செய்யலாம்?

பெரிய செலவு தேவையில்லை. 

• ஆபாசம், மோசடி, வைரஸ் போன்ற குறிப்பிட்ட வகைகளை மட்டும் தடுப்பது. ‘பாலியல்’, ‘வாழ்க்கை முறை’, ‘வகைப்படுத்தாதவை’ போன்ற பொத்தாம்பொது வகைகளுக்கு டிக் அடிக்காமல் விடுவது.

• எந்த வகைகள் தடுக்கப்பட்டுள்ளன என்பதைச் சுவரில் ஒட்டுவது.

• சிறுவர் பிரிவுக்கு ஒரு அமைப்பு, பெரியவர் பிரிவுக்கு வேறு அமைப்பு வைப்பது.

• தடை நீக்கக் கோரிக்கையைப் பெயர் எழுதாமல் தர வழி செய்வது. புகார்ப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு போதும். தளத்தின் பெயர் மட்டும் இருந்தால் சரி.

• ஒவ்வொருவரும் எழுந்து போனதும் ஹிஸ்டரி தானாக அழியும்படி வைப்பது. திரை நேராகக் கவுன்டரைப் பார்க்காதபடி மேசையைத் திருப்புவது.

• வாழ்க்கை வரலாறு, சட்டம், உளவியல் அலமாரிகளில் இந்தப் புத்தகங்களைப் பூட்டி வைக்காமல் வெளியே வைப்பது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கேட்க முடியாத பிள்ளைக்காக, கேட்க முடிந்த பெரியவர்கள் கேட்கலாம். ஆசிரியர் கேட்கலாம், பெற்றோர் கேட்கலாம், பேப்பர் படிக்க வரும் தாத்தாவும் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் அதற்கு வழி செய்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். மாவட்டத்தில் அந்த நிதியில் நூலகங்களை நடத்துவது நூலக ஆணைக்குழு. ஆக, கேள்வி கேட்கும் உரிமை வரி கட்டும் எல்லாருக்கும் இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மாவட்ட நூலக அலுவலகத்துக்கு ஒரு மனு போடலாம். நூலகக் கணினிகளில் வடிகட்டி இருக்கிறதா, என்ன பெயர், எந்தெந்த வகைகள் தடுக்கப்பட்டுள்ளன, அதை முடிவு செய்தவர் யார், தடையை நீக்கக் கேட்கும் நடைமுறை என்ன? இந்த ஐந்து கேள்விகள் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இப்போதே உதவி தேவைப்படுபவர்களுக்கு

மன அழுத்தம், பயம், தற்கொலை எண்ணம் இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழில் பேசலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வீட்டிலோ வெளியிலோ ஆபத்து இருந்தால் 1098. சென்னையில் இருந்து இயங்கும் ‘ஓரினம்’ அமைப்பின் இணையதளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல்கள் இருக்கின்றன.

இந்த எண்களை நூலக அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்ட எந்த மென்பொருளின் அனுமதியும் தேவையில்லை. அம்பாசமுத்திரத்தில் இருந்து பஸ் ஏறி வரும் பிள்ளை, திரையில் பக்கம் திறக்காமல் எழுந்து போகும்போது, வாசலில் அதையாவது பார்த்துவிட்டுப் போகட்டும்.